யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு வந்திருக்குற புது ஊசி பத்தி, நம்ம மெடிக்கல் வாடிக்கையாளர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். சென்னையிலயே கண்டுபுடிச்ச யூரின் இன்ஃபெக்‌ஷன் ஊசி உங்ககிட்ட கிடைக்குமான்னு கடைக்கு வர்றவங்களும் கேக்குறீங்க, வாட்ஸப்லயும் கேக்குறீங்க, அதான் எல்லாருக்கும் சேத்து எழுதிடுறோம்.

கேள்விப்பட்டது நெசந்தான். செஃபெபைம் பழைய ஆன்டிபயாட்டிக், ஆனா சில கிருமி ஒரு என்சைம விட்டு அத ஒடச்சுப் போட்டுரும், கல்ச்சர் ரிப்போர்ட்ல (யூரின்ல என்ன கிருமி, அதுக்கு எந்த மருந்து கேக்கும்னு பாக்குற டெஸ்ட்) இஎஸ்பிஎல்னு போட்டிருப்பாங்க பாருங்க, அதான். அந்த என்சைம மடக்குற என்மெட்டசோபாக்டம் நம்ம சென்னை ஆர்க்கிட் ஃபார்மா கண்டுபுடிச்சது. ரெண்டும் சேந்த மருந்துக்கு 2024 பிப்ரவரில அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்குற எஃப்டிஏ ஓகே குடுத்துச்சு. ஆயிரத்துக்கு மேல பேஷண்ட் இருந்த டிரயல்ல இது போட்டவங்க 79.1 சதவீதம் பேருக்கு சரியாச்சு, ஏற்கெனவே இருக்குற பிப்பரசிலின் டாசோபாக்டம்ங்குற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டவங்கள்ல 58.9 சதவீதம் பேருக்கு தான். எங்களுக்கும் ரொம்ப பெருமையா இருக்கு.

ஆனா இடுப்புல ஒண்ணு போட்டுட்டு வீட்டுக்குப் போற ஊசி இல்லங்க இது. டிரிப்ல 2 மணி நேரம் ஏத்தணும், 8 மணி நேரத்துக்கு ஒருதடவ, 7 நாளைக்கு, கிருமி ரத்தத்துல கலந்திருந்தா 14 நாள் வரைக்கும் கூட. கிட்னி வீக்கா இருந்தா டோஸ் கொறைக்கணும், இல்லன்னா செஃபெபைம் மூளைய பாதிச்சு ஆளு கொழம்பிப் பேசுறது, ஃபிட்ஸ் வர்றதுன்னு ஆயிரும், அதனால கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) பாக்காம போடவே கூடாது. பென்சிலின் அலர்ஜி இருந்தா மொதல்லயே டாக்டர்ட்ட சொல்லிடுங்க.

செஃபெபைம் ஷெட்யூல் ஹெச்1 மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம நாங்க குடுக்க முடியாது, டாக்டர் பேரு, பேஷண்ட் பேரு, எத்தன குடுத்தோம்னு தனி ரிஜிஸ்டர்ல எழுதி 3 வருஷம் வச்சிருக்கணும். சொந்தக்காரங்க சீட்ட காட்டி கேட்டாலும் இல்லன்னு தான் சொல்லுவோம், கோவிச்சுக்காதீங்க, கண்டபடி போட்டா இந்த மருந்துக்கும் கிருமி பழகிரும், அப்புறம் நெசமா தேவைப்படுறவங்களுக்கு என்ன இருக்கு?

சும்மா எரிச்சல், அடிக்கடி போறதுன்னா பெரும்பாலும் மாத்திரைலயே சரியாயிரும், அதையும் டாக்டர கேட்டே போடுங்க. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குக் கீழ முதுகு வலி, வாந்தி இதெல்லாம் இருந்தா கடைக்கு வராதீங்க, நேரா ஆஸ்பத்திரி போங்க. முடிஞ்சா மொத ஆன்டிபயாட்டிக் போடுறதுக்கு முன்னாடியே கல்ச்சருக்கு யூரின் குடுத்துருங்க, மொதல்ல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல வர்றத புடிக்கணும், ஸ்டெரைல் டப்பா நம்ம கடையிலயே இருக்கு.