நோட்டில் ஏறாத ஆச்சிகள்: எங்கள் ஊராட்சிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அக்காவுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், ஊராட்சிச் செயலர் தம்பிக்கும் வணக்கம்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு இன்னும் மூன்று வாரம்தான். அடுத்த வருடத்துக்கான வளர்ச்சித் திட்டத்தை எழுத ஆரம்பித்திருப்பீர்கள். போன தடவை வாசித்ததை நானும் கேட்டேன். மூன்று தெருவுக்கு பேவர் பிளாக், இரண்டு வாறுகால், ஒரு உயர்கோபுர விளக்கு, மோட்டார் பழுது. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்கள் யார்? மூவாயிரம் பேருக்கு மேல் உள்ள நம் ஊரில் 200 பேர் வந்தால்தான் சபை செல்லும். அந்த 200-ல் முக்கால்வாசி நரைத்த தலைகள். சபை செல்ல ஆள் கணக்குக்கு அவர்கள் வேண்டும், திட்டத்தில் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது.

கீழத்தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறார். நாற்பது வருடம் பீடி சுற்றிய கை. இலையை உருட்டி உருட்டி விரல் நுனியில் ரேகையே தேய்ந்துவிட்டது. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயை எடுக்கப் போனால், மெஷின் அவரை ஒத்துக்கொள்வதில்லை. விரலைச் சேலையில் துடைக்கிறார், தலையில் தேய்த்து எண்ணெய் ஒற்றுகிறார், திரும்ப வைக்கிறார். நாலாவது தடவை பதிந்தால் யோகம். இல்லாவிட்டால், "நாளைக்கு வாங்க ஆச்சி." மெஷின் இருக்கும் அறைக்கு ஏறும் படி முழங்கால் உயரம். பிடித்து ஏற ஒரு கம்பி கிடையாது, பக்கத்தில் நிற்பவர் தோள்தான் கம்பி. மகன்கள் இரண்டு பேர், ஒருவர் திருப்பூரில், ஒருவர் மும்பையில்.

"பென்ஷன் எங்க கையில இல்ல, தாலுகா ஆபீஸ் பாத்துக்கிடுது" என்பீர்கள். சரி. நான் கேட்பது பென்ஷன் இல்லை, தனியாக இருக்கும் பெரியவர்களை எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம்.

நம் ஊரில் தெருவிளக்கு எத்தனை என்று கேட்டால் செயலர் தம்பி கம்பத்து நம்பரோடு சொல்வார். தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 தாண்டியவர்கள். 2031-ல் 18-ஐத் தாண்டும் என்பது ஒன்றிய அரசின் கணிப்பு. அது மாநிலச் சராசரி. இளவட்டம் பாதி வெளியூரில் இருக்கிற நம் ஊருக்கு அந்தக் கணக்கு பற்றாது.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் அரிசியும் வீட்டுக்கு வருகிறது. ஆனால் மாத்திரை கொடுப்பவரிடம் ஒரு பட்டியல், ரேஷன் கடையில் ஒரு பட்டியல், தாலுகாவில் இன்னொன்று. 2023 டிசம்பர் மழையில், மேலத்தெரு மண்வீட்டில் தண்ணீர் ஏறிய பிறகு, கட்டிலில் கிடந்த தாத்தாவை விடிந்துதானே தூக்கிவந்தோம்? அவர் தனியாக இருக்கிறார் என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை.

புளியரை தாண்டினால் கேரளம். அங்கே 2008-ல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு, அதாவது தீராத நோயில் கிடப்பவரின் வேதனையைக் குறைத்துப் பார்த்துக்கொள்வதற்கு, அரசே கொள்கை வகுத்தது. படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கு நர்ஸை அனுப்புவது இன்றைக்கு அங்கே ஊராட்சி பார்க்கும் வேலை. அந்த அளவுக்கு நமக்குப் பணம் இல்லை, தெரியும். அதனால்தான் நோட்டிலிருந்து தொடங்கலாம் என்கிறேன். யார் தனியாக இருக்கிறார், யாரால் நடக்க முடியாது, மாற்றுச் சாவி எந்த வீட்டில், பிள்ளையின் போன் நம்பர் என்ன. இது கையில் இருந்தால் மற்றது தானாகத் தெரியும். எந்தப் படிக்குக் கைப்பிடி, பஸ் நிறுத்தம் போகும் வழியில் எந்த வேப்பமரத்தடியில் ஒரு கல்பெஞ்சு, எந்தத் தேதியில் வங்கிக்காரரை மெஷினோடு சமுதாயக் கூடத்துக்கு வரச் சொல்லித் தீர்மானம். வளர்ச்சித் திட்டத்தின் ஒன்பது கருப்பொருள்களில் சமூகப் பாதுகாப்பும் ஒன்று, ஆகவே விதியில் இடம் இல்லை என்று யாரும் தள்ள முடியாது.

சாய்தளம் கட்டினால் மட்டும் தயவுசெய்து ஒரு வயதானவரை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு பில் பாஸ் பண்ணுங்கள். போன வருடம் கட்டியதில் பிள்ளைகள் சறுக்கு விளையாடுகிறார்கள். கட்டியவர் யார் என்பது இங்கே வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, வெயில் ஏறும் முன்னே, ஒன்றாம் வார்டிலிருந்து நோட்டோடு கிளம்புகிறேன். உறுப்பினர் யாராவது ஒருவர் கூட வாருங்கள், நான் மட்டும் போய்க் கேட்டால் சாவி விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். அப்புறம், கிராம சபைக்கு நாற்காலி எடுக்கும்போது கைப்பிடி வைத்ததாக எடுக்கச் சொல்லுங்கள். போன தடவை போட்ட ஸ்டூலில் உட்கார்ந்த பெரியவர்களால் எழுந்திருக்க முடியவில்லை.

இப்படிக்கு,
இன்னும் நாலு வருடத்தில் அந்த நோட்டில் ஏறப்போகும் மேலத்தெருக்காரன்