வேலூர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்களே, டிஃபெண்டரை அணைத்துவிட்டுக் கொடுக்காதீர்கள்

அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

காட்பாடி, சத்துவாச்சாரி, அப்புறம் ஆற்காடு, குடியாத்தம் என்று எங்கே கம்ப்யூட்டர் கெட்டாலும் மக்கள் உங்களிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஃபார்மட் அடித்து, விண்டோஸும் ஆபீஸும் போட்டுக் கொடுக்கிறீர்கள். அதை ஆக்டிவேட் செய்ய உங்களில் பலர் லைசென்ஸ் வாங்காமலே ஆக்டிவேட் ஆக்கும் கள்ள நிரலான கிராக் ஒன்றை ஓட்டுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

இந்த மாதிரி கிராக்குகள் பெரும்பாலும் முதலில் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும், இல்லையென்றால் தன் ஃபோல்டரை ஸ்கேன் செய்யாமல் விடச் சொல்லும். வேலை முடிந்தபின் அதை யாராவது திரும்பப் போடாவிட்டால் கம்ப்யூட்டர் அப்படியே திறந்த வீடாக வாடிக்கையாளர் கைக்குப் போகிறது. 2021இல் கேஎம்எஸ்பிகோ என்ற கிராக்கின் பெயரைச் சொல்லிச் சுற்றிய போலி இன்ஸ்டாலர் ஒன்றில் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் இருந்தது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, குக்கீ (லாகின் ஆகியிருப்பதை நினைவில் வைக்கும் சின்னக் குறிப்பு) எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கீ போய்விட்டால், ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் கணக்குக்குள் பாஸ்வேர்டே கேட்காமல் நுழைய முடியும். பிள்ளையின் நீட் விண்ணப்பமும் அப்பாவின் ஜிஎஸ்டி கணக்கும் அம்மாவின் நெட் பேங்கிங்கும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனை!

இத்தனைக்கும் பல நேரம் கிராக்கே தேவையில்லை. விண்டோஸ் 8க்குப் பிறகு ஒரிஜினல் விண்டோஸோடு வந்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஆக்டிவேட் செய்யும் கீ, மதர்போர்டில் இருக்கும் பயாஸிலேயே இருக்கிறது. ஹோம் எடிஷனோடு வந்ததற்கு ஹோமே போட்டால், நெட் கொடுத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். நீங்கள் ப்ரோ போடுவதால்தான் கிராக் தேவைப்படுகிறது. லைசென்ஸே இல்லாத பழைய பிசி என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போடலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், ஆபீஸுக்குப் பதிலான லிப்ரே ஆபீஸ் அதோடு வந்துவிடும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான சப்போர்ட் முடிந்துவிட்டது, அதையும் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று. திரை மூலையில் 'வைரஸ் இருக்கிறது' என்று ஓயாமல் வருகிறது என்று பயந்து வருகிறவர்களில் பலருக்கு, ஏதோ ஒரு தளத்துக்குத் தெரியாமல் நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்ததுதான் காரணமாக இருக்கும். அதை நீக்கினால் போதும், ஃபார்மட் வேண்டாம். அப்படியே ஃபயர்ஃபாக்ஸில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின், குரோம் என்றால் அதன் லைட் பதிப்பு போட்டுவிடுங்கள். வேவு பார்க்கும் டிராக்கர்களில் பெரும்பகுதி அதிலேயே அடைபட்டுவிடும்.

கம்ப்யூட்டரில் என்ன போட்டீர்கள், டிஃபெண்டர் ஓடுகிறதா, இரண்டையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். இதற்கு ஆகும் நேரத்துக்குத் தனியாகக் காசு கேளுங்கள், கொடுக்கிறோம்.

சத்துவாச்சாரியிலிருந்து,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்