அழற்சிச் சோதனைகளில் கேட்கப்படாத கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏதோ ஒரு மூலிகைச் சாறு சுண்டெலிகளில் அழற்சியைக் கட்டுப்படுத்தியதாக நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. அந்தச் சோதனையில் அழற்சியைத் தூண்டப் பயன்பட்ட புரதம் எது, அது எவ்வளவு தூய்மையானது என்ற விவரம் மட்டும் அச்செய்திகளில் இருப்பதில்லை. முடிவை நம்பலாமா கூடாதா என்பது பல வேளைகளில் அதைப் பொறுத்தே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

இவ்வாய்வுகளில் அதிகம் புழங்குவது டிஎன்எஃப் ஆல்ஃபா (கட்டி அழிப்புக் காரணி) என்னும் அழற்சிப் புரதம். பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசிக் கிருமியும் பின்னர் பாக்டீரிய நச்சும் செலுத்தப்பட்ட சுண்டெலிகளின் ரத்தநீர் புற்றுக்கட்டிகளை அழிப்பதை 1975-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் கண்டதிலிருந்து இதற்கு அப்பெயர் வந்தது. இன்று சுண்டெலியின் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அது உண்டாக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்து, உறைநிலையில் உலர்த்தி விற்கிறார்கள். குப்பியில் இருப்பது சில மைக்ரோகிராம் மட்டுமே என்பதால், மூடியில் ஒட்டிய துகளும் வீணாகாதபடி, திறக்கும் முன் அதைச் சுழற்பொறியில் ஒருமுறை சுற்றி எடுப்பது ஆய்வகங்களின் வழக்கம்.

சிக்கல் அந்த ஈ.கோலையிலேயே இருக்கிறது. அதன் வெளிச்சவ்வில் உள்ள எண்டோடாக்சின் என்னும் நச்சு, தூய்மைப்படுத்திய பிறகும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், மிகச் சிறு அளவே ஆனாலும் நோய் எதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிட்டு அழற்சிப் புரதங்களைச் சுரக்கச் செய்யும். அப்போது நாம் காண்பது புரதத்தின் வேலையா, அழுக்கின் வேலையா என்று எப்படிச் சொல்வது? எச்எஸ்பி70 என்ற வேறொரு புரதம் சுண்டெலியின் அணுக்களிலிருந்து டிஎன்எஃப்-ஐ வெளிவரச் செய்வதாகப் பல ஆய்வுகள் கூறிவந்தன; அவ்விளைவுக்கு அதில் கலந்திருந்த எண்டோடாக்சினே காரணம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கொதிக்க வைத்தால் பெரும்பாலான புரதங்கள் செயலிழக்கும், எண்டோடாக்சினோ தாக்குப்பிடிக்கும் என்பதால், கொதிக்க வைத்த மாதிரியையும் உடன் வைத்துச் சோதிப்பது செலவில்லாத ஒரு காப்பு; அதுவும் அதே விளைவைத் தந்தால் அழுக்கைச் சந்தேகிக்கலாம். (மூலிகைச் சாற்றிலும் மண் பாக்டீரியாவின் நச்சு கலந்திருக்க வாய்ப்புண்டு. எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் மூலிகை என்று கொண்டாடப்படும் சிலவற்றை இந்தக் கண்ணோடும் பார்ப்பது நல்லது.)

எந்த உயிரினத்தின் புரதம் என்பதும் முக்கியம். மனித டிஎன்எஃப், சுண்டெலி அணுவில் அதைப் பற்றிக்கொள்ளும் இரு ஏற்பிகளில் ஒன்றோடுதான் சரிவரப் பிணையும். காமா இன்டர்ஃபெரான் என்னும் மற்றொரு எதிர்ப்புப் புரதமோ இன எல்லையைத் தாண்டிச் செயல்படுவதே இல்லை எனலாம். மூட்டுவாதத்துக்குத் தரப்படும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து மனித டிஎன்எஃப்-ஐத் தடுக்கும், சுண்டெலியினுடையதைத் தடுக்காது. ஆகவே சாதாரணச் சுண்டெலிக்கு அதைச் செலுத்திவிட்டுப் பலனில்லை என்று முடிவு கட்டினால் அது பிழையாகிவிடும்.

முனைவர் பட்ட ஆய்வேடுகள் சிலவற்றில் புரதத்தை விற்ற நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது. தொகுதி எண்ணையும், விற்பனையாளர் தரும் சான்றிதழில் உள்ள எண்டோடாக்சின் அளவையும் குறிப்பிட வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்கலாம். தங்கள் செய்தியாளர்களும் இத்தகைய முடிவுகளை வெளியிடும் முன், எண்டோடாக்சின் சோதனை செய்யப்பட்டதா என்ற ஒரு கேள்வியை ஆய்வாளரிடம் கேட்டு, அவர் தரும் பதிலையும் செய்தியோடு சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் பேராசிரியர் ஒருவர்,
திருச்சி