ஹெல்மெட்டோடு இதையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

டெல்டா மாவட்டங்களில் தலைக்காயம் பெருகுவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஹெல்மெட் போடாதது, குடித்துவிட்டு ஓட்டுவது, அறுவடை சமயத்தில் ரோட்டில் காயப்போட்ட நெல்லில் வண்டி சறுக்குவது என்று எழுதியிருந்ததெல்லாம் சரிதான். ஆனால் அடிபட்டு வருகிறவர் எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தார் என்பதும் இதில் சேர்த்தி. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் நான். அங்கே இருந்தவரை எங்களில் யாரும் அதைக் கேட்டதில்லை.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1990-களின் நடுவில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். பதினெட்டு வயதுக்குள் வீட்டில் அடி வாங்கினீர்களா, அம்மா அடி வாங்குவதைப் பார்த்தீர்களா, குடிக்கிறவர் இருந்தாரா, பாலியல் தொந்தரவு நடந்ததா, யாராவது ஜெயிலுக்குப் போனார்களா என்றெல்லாம். 1998-இல் வந்த முதல் அறிக்கையின்படி, இவற்றில் நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்கள் குடிக்கு அடிமையாவது, மனச்சோர்வில் விழுவது, தற்கொலைக்கு முயல்வது போன்றவற்றின் அபாயம், எதுவும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகம். வளர்ந்த பிறகு தலையில் அடிபடுவதற்கும் இந்தச் சிறுவயதுப் பாடுகளுக்கும் தொடர்பு இருப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

யோசித்துப் பார்த்தால் புரிகிற விஷயம்தான். எந்நேரம் அடி விழுமோ என்று வளரும் பிள்ளைக்கு உடம்பு ஓய்வதே இல்லை. நிதானத்தையும் முன்யோசனையையும் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதியின் வளர்ச்சியை அது பாதிக்கிறது. அப்புறம் பதினாறு பதினேழு வயதில் குடி, கைகலப்பு, வேகம். பெண் பிள்ளையாக இருந்தால், இந்த வீட்டைவிட்டுப் போனால் போதும் என்று அவசரக் கல்யாணம். அங்கேயும் கை நீட்டுகிற புருஷன் வாய்த்தால் என்ன செய்வாள்? 'வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்' என்பாள். அவன் பக்கத்திலேயே நிற்பான். ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், 'தவறி விழுந்தது' என்று பதிவாகும். மாடியே இல்லாத வீட்டில் மாடிப்படியில் விழுந்தவர்களுக்கும் தையல் போட்டு அனுப்பியிருக்கிறோம்.

ஸ்கேனில் ரத்தக்கட்டு இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் தலைவலி, மறதி, தூக்கமின்மை, சட்டென்று வரும் கோபம் எல்லாம் அதன் பிறகும் மாதக்கணக்கில் தொடரலாம். ஊர் அதைத் திமிர் என்கிறது. அந்தக் கோபமும் முதலில் போய் விழுவது வீட்டில் இருக்கிற பிள்ளைகள் மேல்.

சிறுவயதில் கஷ்டப்பட்டவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பற்றிக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தாலே பாதிப்பு குறைகிறது. அப்பா சிங்கப்பூரிலும் அம்மா திருப்பூரிலும் இருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. அதையே குறையாகச் சொல்வார்கள். பல வீடுகளில் அந்தப் பாட்டிதான் பிள்ளைக்குக் காப்பு.

விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. நல்ல திட்டம், உயிர் பிழைக்கிறது. 49-ஆவது மணிக்கு அப்புறம்தான் ஆளில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் பிரஷரும் சுகரும் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள். தலையில் அடிபட்டுத் திரும்பியவர்களின் பட்டியலையும் அவர்களிடம் கொடுத்து, தூக்கம் எப்படி, கோபம் எப்படி, வீட்டில் பிள்ளைகள் எப்படி என்று கேட்கச் சொல்லலாம். மருத்துவமனையிலோ, கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே நிறுத்திவிட்டு நோயாளியிடம் தனியாகப் பேசினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இதற்குப் புதுக் கட்டடமோ மெஷினோ தேவையில்லை.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விபத்து, அடிதடிச் செய்திகளுக்குக் கீழே குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 உதவி எண்களைத் தினமும் போடுங்கள். ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் இரண்டு வரி எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்.