காந்தம் ஒன்று கொண்டுபோ

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால்தான் மழைக்குக் கொஞ்சம் முனகுகிறது.

நீ அனுப்பிய படங்களை இரவு முழுக்கப் பார்த்தேன். பழைய ராலிப் பந்தயக் கார் ஒன்று வாங்க எது நல்லது என்று கேட்டிருக்கிறாய்: லான்சியா டெல்டா இன்டெகிராலே, இல்லாவிட்டால் ஃபோர்ட் எஸ்கோர்ட் ஆர்எஸ் கொஸ்வேர்த். அப்பாவிடம் கேட்டால் சிரிப்பார் என்று மருமகன் சொன்னாராம். ஏன் சிரிக்கிறேன்? காங்கேசன்துறை வீதியில் முப்பது வருசம் ஒஸ்ரின் கார்களுக்குக் கீழே படுத்துக் கிடந்தவனிடம் கேட்கவேண்டிய கேள்விதானே.

பெயர் என்று பார்த்தால் டெல்டாதான். 1987 முதல் 1992 வரை உலக ராலித் தயாரிப்பாளர் பட்டத்தை லான்சியா விட்டுக்கொடுக்கவே இல்லை. எஸ்கோர்ட்டுக்குப் பட்டம் வாய்க்கவில்லை. 1994இல் டெலெக்கூர் என்ற ஓட்டுநர் மொன்ரே கார்லோ ராலியை வென்றதுபோலச் சில தனி வெற்றிகளைத்தான் சொல்லிக்கொள்ளலாம். இரண்டிலும் இரண்டு லீற்றர் எஞ்சின், அதற்குள் காற்றைத் திணிக்கும் டேர்போ; நான்கு சில்லும் இழுக்கும். கடைசி டெல்டா 215 குதிரைவலு, எஸ்கோர்ட் 227. அந்தப் பன்னிரண்டுக்காக மண்டையை உடைக்காதே.

போனற் திறந்த படங்களில்தான் நான் கனநேரம் நின்றேன். டெல்டாவில் எஞ்சின் குறுக்கே கிடக்கிறது, சுற்றிவரக் குழாயும் வயரும். ஸ்பானர் போகும், கை போகாது. எஸ்கோர்ட் மேலுக்குத்தான் எஸ்கோர்ட்; அடியில் இருப்பது சியராவின் தளம். அதனால் எஞ்சின் நீளவாக்கில், எங்கள் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரில் இருந்தது போல. அதோடு டெல்டாவுக்கு ஸ்ரியரிங் இடப்பக்கம் மட்டுமே. லண்டனில் லொறியை முந்த மருமகன் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும்.

எஸ்கோர்ட் என்றால் எந்த வருசத்து என்று கேள். ராலியில் ஓட அனுமதி வாங்க அதே அமைப்பில் 2,500 கார் செய்யவேண்டியிருந்ததால், முதலில் வந்தவற்றில் பந்தயத்துக்கான பெரிய டேர்போ. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது தூங்கும், பிறகு பிடரியில் அடித்ததுபோலக் கிளம்பும். பிந்தி வந்தவற்றில் சின்னது. சேகரிப்பவர்கள் பெரியதைத் தேடுவார்கள், ஓட்டுவதற்குச் சின்னதுதான் சுகம். அந்தக் காலத்தில் அங்கே எஸ்கோர்ட் கனக்கக் களவு போனது. செசி நம்பரைக் காரின் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்.

எஞ்சினுக்குப் பயப்படாதே. பெற்றோல் இல்லாத தொண்ணூறுகளில், சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி, அப்புறம் மண்ணெண்ணெயில் ஓடினோம். வீதியெல்லாம் புகை. அந்த எஞ்சின்களையும் கழற்றிச் சரிக்கட்டினேன். தகரம் அப்படியல்ல. பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்கு ஓடிய வாடகைக் கார்களைக் கழுவ வந்தால், கதவின் கீழ் விளிம்பு விரல் பட்டதும் அப்பளமாக உதிரும். கடற்காற்றுக்கே அந்தக் கறள். அங்கே பனிக்கு வீதியில் உப்பையே கொட்டுகிறார்கள்.

அதனால் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோ. டெல்டாவில் முன் கண்ணாடி ஓரம், எஸ்கோர்ட்டில் கதவுக்குக் கீழும் பின் சில்லு வளைவும் வைத்துப் பார். பிடிக்காமல் வழுக்கினால் உள்ளே இருப்பது தகரமல்ல, கறள் ஓட்டையை மூடப் பூசிய பட்டி.

என்னைக் கேட்டால் எஸ்கோர்ட், சின்ன டேர்போ. டெல்டா வடிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. நீ சொன்ன விலையை அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

காசு கொடுக்கமுதல் அடிப்பக்கப் படங்களை அனுப்பு. அந்தப் பின்சிறகைப் பத்துத் தரம் எடுத்து அனுப்பாதே, அதை நான் பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா