ஹைடெல்பெர்க்கில் ஓர் இரவு தங்க வையுங்கள்: ஐரோப்பியக் குழுச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுச் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கும், பயணத் திட்டம் போடுபவர்களுக்கும், குழுவோடு வரும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் வாழும் தமிழர்கள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. உங்கள் பயணத் திட்டங்களில் இந்த ஊருக்குக் கிடைப்பது பெரும்பாலும் உச்சிவெயில் நேரத்தில் இரண்டு அல்லது மூன்று மணி நேரம். பேருந்து நெக்கார் ஆற்றங்கரையில் இறக்கிவிடுகிறது. கோட்டை முற்றம், 1751இல் செய்த பெரிய மதுப் பீப்பாய், பழைய பாலம், பாலத்தடியில் உள்ள குரங்குச் சிலையோடு ஒரு படம். அவ்வளவுதான், அடுத்த ஊருக்குப் புறப்பாடு. இந்த ஊரின் அழகு மாலை ஆறு மணிக்கு மேல்தான் கூடுகிறது. அதற்குள் உங்கள் விருந்தினர்கள் நெடுஞ்சாலையோர விடுதியில் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கிறார்கள். ஓர் இரவு இங்கே தங்க வையுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. அதை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதை விவரமாகவே சொல்கிறோம்.

முதலில் வெளிச்சம். கோட்டை ஆற்றின் தென்கரையில், வடக்கு பார்த்த மலைச்சரிவில் நிற்கிறது. அதை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் எதிர்க்கரையிலிருந்து பார்க்க வேண்டும். நண்பகலில் அங்கிருந்து பார்த்தால் சூரியன் கோட்டைக்குப் பின்னால் இருக்கும். எடுக்கும் படமெல்லாம் கறுத்துப்போகும். மாலையில் சூரியன் மேற்கே ரைன் சமவெளியில் இறங்கும்போது ஒளி பள்ளத்தாக்கின் வழியே நீளமாக வந்து அந்தச் செம்மணற்கல் சுவரில் விழுகிறது. சூரியன் மறைந்து இருபது, முப்பது நிமிடத்தில் வானம் கருநீலமாகும்போது கோட்டையில் விளக்குகள் எரியத் தொடங்கும். பழைய பாலத்தின் வடகோடியில் நின்றால் பாலத்து வாசலின் இரட்டைக் கோபுரம், அதற்கு அப்பால் பரிசுத்த ஆவி ஆலயத்தின் கூரை, மேலே கோட்டை மூன்றும் ஒரே பார்வையில் வந்துவிடும்.

நம் குழுக்கள் அதிகம் வருவது பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில். இங்கே ஏப்ரல் கடைசியில் சூரியன் மறைய இரவு 8.40 ஆகிவிடும், மே நடுவில் ஒன்பது மணி, ஜூன் கடைசியில் 9.35. ஆறு மணிக்குக் கிளம்பும் குழு இந்த ஊரின் மாலையைப் பார்க்கவே இல்லை.

ஏன் கிளம்புகிறீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி பேருந்து ஓட்டுநர் வேலை தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் அவருக்குத் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு கிடைக்க வேண்டும். காலை எட்டு மணிக்குத் தொடங்கியவர் இரவு ஒன்பதுக்குள் வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஓய்வை 9 மணி நேரமாகக் குறைக்கச் சட்டத்தில் இடமுண்டு; ஆனால் ஒரு வாராந்திர ஓய்வுக்கும் அடுத்த வாராந்திர ஓய்வுக்கும் இடையில் மூன்று முறைதான். மே மாதத்தில் ஒன்பது மணி என்பது சூரியன் மறையும் நேரம். ஆகவே மாலைக்கும் அதே பேருந்தை நம்பினால் இது நடக்காது. ஓட்டுநரைக் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைக்கவும் கூடாது. வண்டியில் பதிவாகும் நேரக் கணக்கு அவருடைய பிழைப்பையே பாதிக்கும்.

வழி எளியது. விடுதியை நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் மாற்றுங்கள். தலைமை ரயில் நிலையத்தைச் சுற்றிப் பெரிய குழுக்களை ஏற்கும் விடுதிகள் பல இருக்கின்றன. ஐந்து மணிக்கு வண்டியை அங்கே நிறுத்தினால் ஓட்டுநரின் அன்றைய வேலை முடிந்தது. அங்கிருந்து பழைய நகரின் வாசலான பிஸ்மார்க் சதுக்கத்துக்கு டிராமில் சில நிமிடம். நடந்தால் இருபது நிமிடம். ஐந்து பேர் வரை ஒன்றாகப் பயன்படுத்தும் நாள் சீட்டு உண்டு, நாற்பது பேருக்கு எட்டுச் சீட்டு போதும். பின்னிரவில் வண்டிகள் குறைந்துவிடும். திரும்பும் நேரத்தைப் போகும்போதே நிறுத்தத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எந்த நாளில் வைப்பது என்பதும் முக்கியம். பிராங்க்பர்ட் விமான நிலையத்திலிருந்து ஊர் ஒரு மணி நேரத் தூரம் என்பதால் வந்திறங்கிய அன்றே வைக்கத் தோன்றும். வேண்டாம். கோடையில் நம் நேரம் இங்கத்திய நேரத்துக்கு மூன்றரை மணி முந்தியது. இங்கே இரவு எட்டு என்றால் உடம்புக்கு அது பதினொன்றரை; விளக்கு ஏற்றும் நேரத்தில் பாதிப்பேர் நின்றபடியே தூங்கிவிடுவார்கள். இரண்டாம் நாளோ, ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவோ பொருத்தமானது. ஞாயிறும் திங்களும் முடிந்தால் தவிருங்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். உணவகங்கள் பலவும் இந்த இரண்டு நாட்களில் ஒன்றில்தான் வார விடுமுறை விடுகின்றன.

கோட்டையைப் பொறுத்தவரை, உள்முற்றத்தை மாலை ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள். அதனால் உள்ளே பார்க்க வேண்டியதை நான்கரைக்குள் தொடங்கி முடித்துவிடுங்கள். கோட்டைத் தோட்டத்துக்குக் கட்டணமும் இல்லை, வாசல் அடைப்பும் இல்லை. அதன் கிழக்குக் கோடி மாடத்திலிருந்து ஊரின் கூரைகளையும் ஆற்றையும் மாலை ஒளியில் பார்க்கலாம். தவறு நடப்பது இறங்கும்போதுதான். மலை ரயில் மாலையோடு நின்றுவிடும், அதிலும் கோடைக்கு ஒரு நேரம், குளிர்காலத்துக்கு ஒரு நேரம். கடைசி வண்டியைத் தவறவிட்டால் கோர்ன்மார்க்ட் சதுக்கம் வரை 315 படி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இது கடினம்.

எதிர்க்கரையில் மேலே ஓடும் தத்துவஞானிகள் பாதை பலருடைய பட்டியலிலும் இருக்கும். பழைய பாலத்தின் எதிரிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் கல்பாதையில் போனால் மூச்சு வாங்கும். மழை பெய்திருந்தால் வழுக்கும். இருட்டிய பின் அந்த வழியாக யாரையும் இறக்காதீர்கள். மேற்கே நொயன்ஹைம் பக்கம் இறங்கும் சாலை அகலமானது, சரிவாக இருந்தாலும் பயமில்லை. முதியவர்கள் மேலே ஏறத் தேவையே இல்லை. பழைய பாலத்திலிருந்து தியோடர் ஹொய்ஸ் பாலம் வரை வடகரையில் சமதளமாக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நடக்கும் தூரம் முழுக்கக் கோட்டை கண்ணில் இருக்கும். சக்கர நாற்காலிக்கும் இதுவே சரி. 1907இல் இங்கே வந்து தங்கிய கவிஞர் இக்பாலின் பெயரை நெக்கார் கரையின் ஒரு பகுதிக்குச் சூட்டியிருக்கிறார்கள் என்பதையும் நடந்தபடியே சொல்லலாம்.

ஆண்டில் மூன்று இரவுகளுக்காகத் திட்டத்தையே மாற்றி அமைத்தாலும் தகும்: ஜூன் முதல் சனி, ஜூலை இரண்டாம் சனி, செப்டம்பர் முதல் சனி. இவை கோட்டை ஒளியூட்டு நாட்கள். இரவு 10.15க்குக் கோட்டையின் வழக்கமான விளக்குகளை அணைத்துவிட்டு உள்ளே செந்நிற மத்தாப்பு கொளுத்துவார்கள். இடிந்த சாளரங்கள் வழியாகச் செம்புகை பொங்கும். கோட்டை மீண்டும் எரிவது போலவே இருக்கும். 1689இலும் 1693இலும் பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படை கோட்டையையும் ஊரையும் அழித்ததன் நினைவு இது. 1764இல் விழுந்த இடி மிச்சத்தையும் எரித்தது. செந்தீ அடங்கியதும் பழைய பாலத்திலிருந்து வாணவேடிக்கை. அந்த வழக்கத்துக்குப் பின்னால் இன்னொரு கதை: 1613இல் இந்தக் கோட்டையிலிருந்து ஆண்ட ஐந்தாம் பிரீட்ரிஷ் தம் மனைவியான ஆங்கில இளவரசி எலிசபெத்தை ஊருக்கு அழைத்துவந்தபோது அவரை வரவேற்க வாணம் விட்டார்கள்.

இந்த இரவில் குழுக்கள் வழக்கமாகச் சிக்கிக்கொள்ளும் இடங்கள் சில. பழைய பாலத்தைப் பொதுமக்களுக்கு மூடிவிடுவார்கள், அங்கே கூடலாம் என்று சொல்லி வைத்தால் ஆட்கள் பிரிந்துவிடுவார்கள். கோட்டைக்குள் நின்றால் கோட்டை தெரியாது. வடகரைப் புல்வெளியும் தியோடர் ஹொய்ஸ் பாலமும் நல்ல இடங்கள். ஒன்பது மணிக்குள் போய் அமர்ந்துவிட வேண்டும். முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் டிராமுக்கு ஓடுவார்கள். விடுதி ரயில் நிலையத்தருகே இருந்தால் நடந்தே போய்விடுவது நல்லது, அரை மணி நேரம் ஆகும். ஆற்றங்கரையில் ஜூன் இரவிலும் குளிரும். ஆளுக்கொரு சால்வையோ ஸ்வெட்டரோ கையில் இருக்கட்டும். இந்த நாட்களுக்கான அறைகள் வெகுமுன்பே தீர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அடுத்து இரவுச் சாப்பாடு. குழுவை எல்லா ஊரிலும் இந்திய உணவகத்துக்கே அழைத்துப்போவதன் காரணம் புரிகிறது. ஆனால் முதன்மைத் தெருவின் கிழக்குக் கோடியில் 1703ஆம் ஆண்டுக் கட்டடத்தில் இருக்கும் ரோட்டர் ஓக்ஸென் போன்ற மாணவர் உணவகங்கள்தாம் இந்த ஊரின் இரவு வாழ்க்கைக்கு வேர். 1386இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. பழைய மாணவர் சங்கப் படங்கள் சுவர் நிறைய, பெயர் செதுக்கிய மேசைகள், நீண்ட பலகைகளில் முன்பின் தெரியாதவர்களோடு தோள் உரச உட்காரும் முறை. ஒரு வேளையாவது அங்கே உட்கார வையுங்கள். நாற்பது பேராகச் சொல்லாமல் போய் நின்றால் இடம் கிடைக்காது. முன்பதிவு செய்யும்போதே மூன்று உணவு வகைகளைத் தேர்ந்து, எது எத்தனை பேருக்கு என்று எழுதி அனுப்புங்கள். ஒன்பது, ஒன்பதரைக்கு அடுப்படியை மூடிவிடுவார்கள். மது மட்டும் நடுநிசி வரை ஓடும். ஆகவே சூரியன் மறைவதற்கு முன் சாப்பாடு, பின்னர் நடை என்பதே சரியான வரிசை.

சைவக்காரர்கள் ஏமாறுவது பெரும்பாலும் பருப்பில்தான். ஷ்பெட்ஸ்லே என்னும் நூடுல்ஸோடு வரும் பருப்புக் குழம்பு நம்முடையது போலவே தெரியும். பன்றிக்கொழுப்பு போட்டு வேகவைத்து, மேலே தொத்திறைச்சியும் வைத்திருப்பார்கள். உருளைக்கிழங்கு சூப்பிலும் அதே சிக்கல். மவுல்டாஷென் என்னும் மாவுப் பொதியில் இறைச்சிதான் வழக்கம், காய்கறிப் பொதி வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். பாலாடைக்கட்டியும் வறுத்த வெங்காயமும் சேர்த்த ஷ்பெட்ஸ்லேயில் இறைச்சி இல்லை, ஆனால் மாவில் முட்டை உண்டு. இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டையும் சேர்த்தி. முட்டை தொடாதவர்களுக்கு வீகன் என்று சொல்லி எழுதி வாங்குவதே பாதுகாப்பு. தண்ணீருக்குத் தனி விலை. எல்லாருக்கும் ஒரே பில்லா, தனித்தனியா என்பதை உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். கடைசியில் நாற்பது பில் போடச் சொன்னால் அரை மணி நேரம் போய்விடும், அந்த அரை மணியில்தான் வானம் நீலமாகும். பரிமாறுபவருக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். கையில் கொஞ்சம் ரொக்க யூரோ இருக்க வேண்டும்.

குழுவில் இளையவர்கள் இருந்தால் முதன்மைத் தெருவுக்கு இணையாக ஓடும் உன்டெர ஸ்ட்ராஸ என்ற சந்துக்குப் போக விரும்புவார்கள். குறுகலான தெரு, இரு பக்கமும் மதுக்கூடங்கள். பியரும் ஒயினும் 16 வயதிலிருந்து, அதைவிடக் கடுமையான மது 18 வயதிலிருந்து. அடையாள அட்டை கேட்பார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். அந்த மதுக்கூடங்களுக்கு மேல் மாடிகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. இரவுச் சத்தத்தால் அவர்கள் பட்ட பாடு, கடை மூடும் நேரம் பற்றிய வழக்காக நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் அமைதி காப்பது இங்கே சட்டம். ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவது, தெருவில் நின்று கோஷ்டியாகப் பாடுவது எதுவும் வேண்டாம். காதுக் கருவி வழியாக மெல்லப் பேசும் வழிகாட்டியே போதும்.

இசை விரும்புவோருக்கு கேவ் 54. 1954 முதல் ஒரு நிலவறையில் நடக்கும் ஜாஸ் கூடம். சுழல் படிக்கட்டில் இறங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கார்ல்ஸ்டோர்பான்ஹோப் என்ற கலைக்கூடம் 2022இல் பழைய நகரின் கிழக்கு வாசலை விட்டு தெற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டது; பழைய கையேட்டை நம்பிப் போனவர்கள் வெறும் ரயில் நிலையத்தில் நிற்பார்கள். கோடையில் கோட்டை முற்றத்திலேயே நாடக விழா நடக்கும். நாடகங்கள் ஜெர்மனில், ஆகவே இசை நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுங்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸுக்கு முன்பு வரை வரும் குழுக்களுக்குக் கணக்கே வேறு. நாலரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும். பழைய நகரின் சதுக்கங்களில் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும். ஆக ஐந்து மணி முதல் எட்டு மணி வரையே நிறைவான மாலை. ஓட்டுநரின் நேரத்துக்கும் அது பொருந்தும். சூடான மசாலா ஒயின் குடிக்கும் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். குழந்தைகளுக்கு மது இல்லாத பழச்சாறு அதே சூட்டில் கிடைக்கும்.

அடுத்த கோடைக்கான திட்டம் போடும்போது, ஒரு குழுவிலாவது இந்த மாற்றத்தைச் செய்து பாருங்கள். விடுதி ஊருக்குள், பேருந்து ஐந்து மணிக்கு நிறுத்தம், ஆறரைக்குச் சாப்பாடு, எட்டரைக்கு வடகரை, பத்தரைக்கு டிராம். உணவகத்துக்கு ஜெர்மனில் எழுத வேண்டிய முன்பதிவுக் கடிதத்தையும், முட்டை, இறைச்சி விலக்குப் பட்டியலையும் எழுதித்தர நாங்கள் ஆயத்தம். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஹைடெல்பெர்க் வட்டாரத்தில் வாழும் தமிழர்கள் சிலர்