கடைகளை நாங்கள் மூடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், பர்மாவில் ராணுவத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர்களைப் பற்றி, 1962ல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின் தொடங்கி தெய்ன் செய்ன் வரை, நீண்ட கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். நே வின் பகுதியில் ஒரு வரி வருகிறது. அவர் ஆட்சிக்கு வந்ததும் இந்திய வணிகர்கள் கடைகளை மூடிவிட்டுத் தாயகம் திரும்பினார்களாம். அந்த "மூடிவிட்டு" என்ற ஒரு சொல்லைத் தாண்ட முடியாமல் நான்கு நாளாகத் தவிக்கிறேன். எனக்கு 72 வயது. ரங்கூனில் பிறந்தவன்.

ஐயா, என் அப்பா கடையை மூடவில்லை. 1964 மார்ச் மாதம் ஒரு காலை, வழக்கம்போலத் திறந்து, சாம்பிராணி போட்டு, முதல் போணிக்காகக் காத்திருந்தார். முகல் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் சின்ன மளிகைக் கடை. துப்பாக்கியோடு நான்கு பேர் வந்தார்கள். கூடவே ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். பருப்பு மூட்டை எத்தனை, தேங்காய் எண்ணெய் டின் எத்தனை, கருவாடு எவ்வளவு என்று இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார்கள். கல்லாவில் இருந்த சில்லறையையும் எண்ணி எழுதினார்கள். அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கேட்டார்கள். கொடுத்தார். அடுத்த வாரம் அதே கடைக்கு "மக்கள் கடை" என்று எண் போட்ட பலகை வந்துவிட்டது. இதற்குப் பெயர் மூடுவதா?

அதோடு விடவில்லை. மே மாதம் 50, 100 கியாட் (பர்மிய நாணயம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடை போனாலும் கையில் கொஞ்சம் இருக்கிறது, ஊருக்குப் போய் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சேர்த்து வைத்திருந்தது எல்லாம் 100 கியாட் நோட்டுகள். அம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை. இது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் கப்பல் ஏறும்போது துறைமுகத்தில் சோதனை. என் தங்கையின் காதில் கிடந்த கடுக்கனைக் கூடக் கழற்றச் சொன்னார்கள். அவளுக்கு நான்கு வயது.

உங்களுக்குத் தெரியாததா? அந்தக் காலத்தில் அப்படி வந்தவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். வந்தவர்கள் எல்லோரும் வணிகர்களும் அல்ல. பர்மா என்றாலே செட்டியார்கள், வட்டிக் கடை, தேக்கு மரம் என்று எழுதுவது எல்லாப் பத்திரிகைகளுக்கும் பழகிவிட்டது. செட்டியார்களின் நிலம் 1948லேயே பிரதமர் ஊ நு காலத்துச் சட்டத்தில் சிக்கிவிட்டது. நே வின் காலத்தில் போனது எங்களைப் போன்றவர்களின் பிழைப்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், முடி வெட்டியவர், பால் கறந்து விற்றவர், தையல்காரர், பள்ளி வாத்தியார். என் தாத்தா 1942ல் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து, காட்டு வழியாக மணிப்பூர் வரை நடந்தே வந்தவர். போர் முடிந்ததும் பர்மாவை விட மனசில்லாமல் திரும்பவும் போனார். அந்த மனுஷனுக்கும் அவர் மகனுக்கும் அங்கே கிடைத்தது அந்நியர் பதிவுச் சான்றுதான். அங்கேயே பிறந்த நானும் அந்நியன்தான்.

கட்டுரையாசிரியர் நே வின்னைப் பற்றி எழுதியதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். தபால் அலுவலகக் குமாஸ்தாவாக இருந்தவர், ஷூ மாவுங் என்ற பெயரை மாற்றிக்கொண்டு, விடுதலைத் தலைவர் ஆங் சானோடு ஜப்பானியரிடம் பயிற்சி பெற்ற முப்பது தோழர்களில் ஒருவரானார் என்பது சரி. 1949ல் கரேன் இனத்தவரான ஸ்மித் டன்னை விலக்கிவிட்டு இவரைப் படைத் தலைவராக்கினார்கள் என்பதும் சரி. 1958ல் ஊ நுவின் கட்சி உடைந்தபோது காபந்து பிரதமரானார். அந்தப் பதினெட்டு மாதங்களை என் அப்பாவே புகழ்ந்து பேசுவார். ரங்கூன் குப்பையெல்லாம் அள்ளப்பட்டது, குடிசைவாசிகளுக்கு ஒக்கலப்பாவிலும் தக்கேட்டாவிலும் இடம் கொடுத்தார்கள், 1960ல் தேர்தல் நடத்திச் சொன்னபடி ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தார். "மிலிட்டரிக்காரன் என்றாலும் வாக்குத் தவறாதவன்" என்று கடையில் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அப்படி நம்பினவருக்குத்தான் நான்கு வருஷத்தில் அந்தக் கதி. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஆனால் 1962 மார்ச் 2ஆம் தேதி நடந்ததை ரத்தம் சிந்தாத ஆட்சி மாற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். பர்மாவின் முதல் ஜனாதிபதி சாவ் ஷ்வே தைக்கின் வீட்டில் அன்று அவருடைய மகனைச் சுட்டுக் கொன்றார்கள். 17 வயதுப் பையன். தகப்பனாரைக் கைது செய்து கொண்டுபோனார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவர் சிறையிலேயே இறந்தார். ஆட்சியைப் பிடித்து நான்கு மாதம் கழித்து, ஜூலை 7ஆம் தேதி, ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அன்று அம்மா எங்களை வாசல் பக்கமே விடவில்லை. இதெல்லாம் ரத்தம் இல்லையா ஐயா?

1972ல் நே வின் ராணுவப் பதவியை விட்டார். அது வரை ஜெனரல், அதற்குப் பிறகு ஊ நே வின். பர்மிய மொழியில் "ஊ" என்றால் பெரியவர், ஐயா என்பது போல. 1974ல் புது அரசியல் சட்டம், ஜனாதிபதி பதவி. இதைத்தான் உங்கள் கட்டுரை படைவீரர் அரசியல் தலைவராக மலர்ந்த கட்டம் என்கிறது. அப்போது அப்பா இங்கே பர்மா பஜாரில் ஒரு கடைக்காரரிடம் கூலிக்கு நின்றுகொண்டிருந்தார். செய்தியைப் படித்துவிட்டு, "சட்டையைத்தான் மாற்றியிருக்கிறான், சாவி இன்னும் அவன் இடுப்பிலேதான் இருக்கு" என்றார். 1981ல் ஜனாதிபதி பதவியையும் விட்டார். ஆளுங்கட்சித் தலைமையை மட்டும் விடவில்லை. அப்பா சொன்னது சரியாகத்தான் இருந்தது.

பர்மியர்களுக்காவது நல்லது செய்தாரா என்றால் அதுவும் இல்லை. போருக்கு முன்னால் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஒரே நாளில் செல்லாமல் ஆக்கி, தன் ராசி எண்ணான ஒன்பதால் வகுபடும் 45, 90 கியாட் நோட்டுகளைக் கொண்டுவந்தார். இந்த முறை அழுதவர்கள் பர்மியத் தாய்மார்கள். அதே டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் பர்மா சேர்ந்தது. 1988 ஜூலையில் கட்சிப் பதவியை விட்டு விலகும்போதும், ராணுவம் சுட்டால் வானத்தைப் பார்த்துச் சுடாது, ஆளைப் பார்த்துத்தான் சுடும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே அதைச் செய்து காட்டினார்கள். எங்கள் கடைக்குப் பக்கத்தில் மொய்ங்கா என்ற நூடுல்ஸ் விற்ற அம்மாள், நாங்கள் கிளம்பிய அன்று என் கையில் ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்து அழுதார். அந்த மக்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

உங்கள் பத்திரிகை மேல்தான் வருத்தம். முப்பது வருஷமாகச் சந்தா கட்டிப் படிக்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன். சில வருஷங்களுக்கு முன் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸைப் பற்றி இரண்டு பக்கம், வண்ணப் படங்களோடு போட்டீர்கள். அதை விற்கிறவர்கள் ஏன் கடற்கரைச் சாலைக்கு வந்து சேர்ந்தார்கள் என்று ஒரு வரி கூட இல்லை. இன்னொரு முறை எங்களை அகதிகள் என்று எழுதினீர்கள். அரசாங்கம் எங்களுக்குக் கொடுத்த பெயர் தாயகம் திரும்பியோர். அந்தத் தாயகத்தில் என் அப்பாவின் கடைக்கு இன்று வரை ஒரு பைசா நஷ்டஈடு வரவில்லை. ஆவணங்களோடு அலைந்த அலுவலகங்களை எண்ணி முடியாது. ரங்கூனில் தமிழ்ப் பத்திரிகைகள் அச்சாகிக்கொண்டிருந்தன. பர்மியத்திலும் ஆங்கிலத்திலும் தவிர வேறு மொழியில் பத்திரிகை கூடாது என்று நே வின் அரசு நிறுத்தியது. தனியார் பள்ளிகளையும் அரசு எடுத்துக்கொண்டது, தமிழ்ப் பள்ளிகள் போயின. பத்திரிகைத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதன் வலி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இத்தனை பெரிய கட்டுரையில் அதற்கு ஏன் இடமில்லாமல் போனது?

நே வின் 2002 டிசம்பர் 5ஆம் தேதி வீட்டுக் காவலில் இறந்தார். அவர் வளர்த்த ராணுவமே அவரை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தது. அரசு மரியாதை எதுவும் இல்லாமல் அன்றே எரித்துவிட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்க அப்பா உயிரோடு இல்லை.

இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். "கடைகளை மூடிவிட்டு" என்ற இடத்தில் "கடைகள் பறிக்கப்பட்டு" என்று இருந்தால் போதும். இரண்டாவது, 2014ல், அந்தச் சம்பவம் நடந்து ஐம்பது வருஷம் ஆனபோது, ஒரு கடிதம் எழுதி, கூடவே அப்பா கடை வாசலில் நிற்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தேன். கடிதம் இதழில் வரவில்லை, பரவாயில்லை. நகல் எடுக்காமல் அனுப்பியது என் தவறு. எங்களிடம் இருந்தது அந்த ஒரு படம்தான். கறுப்பு வெள்ளை, உள்ளங்கை அளவு, வலது ஓரம் மடங்கியிருக்கும். பின்பக்கம் அப்பா கையால் பர்மிய எழுத்தில் கடை முகவரி எழுதியிருக்கும். உங்கள் அலுவலகப் பழைய கட்டுகளில் எங்காவது கிடந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். தபால் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
வியாசர்பாடி, சென்னை.